யுரேனியச் சுரங்கமும் காற்றாலையும்: நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் யுரேனியத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். மதிப்பெண் பெறுவது மட்டும் கல்வியன்று. நாட்டில் எடுக்கப்படும் பெரிய முடிவுகளில் ஆதாயம் யாருக்கு, சுமை யாருக்கு என்று கணக்குப் பார்க்கத் தெரிவதும் கல்வியே. அத்தகைய கணக்கு ஒன்றை இன்று நாம் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கிய அண்ணல் அம்பேத்கர், மின்சாரம், நீர்ப்பாசனம் ஆகியவை தொடர்பான பொறுப்புகளையும் ஏற்றிருந்தார். மலிவான, தட்டுப்பாடற்ற மின்சாரமின்றித் தொழில் வளராது. தொழில் வளராமல் ஏழை மக்கள் வறுமைச் சுழலிலிருந்து மீள இயலாது என்பது 1943-இல் அவர் எடுத்துரைத்த கருத்து. அதன் உண்மையை 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில் நாம் பட்டு அறிந்தோம். வேடசந்தூர் நூற்பாலைகளில் வேலையும் கூலியும் இழந்தோரில் நம்மவர் உண்டு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பொதுத்தேர்வுக்குப் படித்தோரிலும் நம் பிள்ளைகள் உண்டு. ஆகவே மின்சாரம் எங்கிருந்து வருகிறது, எவருடைய செலவில் வருகிறது என்பதே நம் கேள்வி.

இந்தியாவின் முதல் யுரேனியச் சுரங்கம் ஜாதுகோடாவில் உள்ளது. அன்று பீகாரிலும் இன்று ஜார்க்கண்டிலும் அடங்கிய சிங்பூம் பகுதி அது. 1967-இல் இந்திய யுரேனியக் கழகம் தொடங்கப்பெற்று அச்சுரங்கத்தை நடத்தி வருகிறது. சுற்றிலும் வாழ்வோர் சந்தால், ஹோ, முண்டா முதலிய பழங்குடி மக்கள். அங்குள்ள பாறையில் யுரேனியத்தின் அளவு நூற்றில் 0.1 பங்குக்கும் குறைவு. அதாவது, ஒரு டன் பாறையை வெட்டி, அரைத்து, அமிலத்தில் கரைத்தால் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. எஞ்சிய அனைத்தும் சேறாகிக் கழிவுக் குட்டைகளில் தேங்குகிறது. யுரேனியத்தை எடுத்துவிட்டபின் சேற்றில் நஞ்சில்லை என்று எவரும் கருதவேண்டா. பாறையிலிருந்த கதிரியக்கத்தின் பெரும்பகுதி அச்சேற்றிலேயே தங்கிவிடுகிறது. அதிலுள்ள ரேடியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். அதிலிருந்து ரேடான் என்னும் வாயு வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும்.

2006 டிசம்பரில் அக்கழிவைக் கொண்டு செல்லும் குழாய் உடைந்து, நச்சுச் சேறு ஓடையில் கலந்தது. சுரங்கத்தை அடுத்த சிற்றூர்களில் பிறவிக் குறைபாடுகள் மிகுந்திருப்பதாக, அமைதிக்கும் வளர்ச்சிக்குமான இந்திய மருத்துவர்கள் அமைப்பு 2007-இல் ஆய்ந்து கூறியது. கதிர்வீச்சு வரம்புக்குள்ளேயே உள்ளது என்பது கழகத்தின் மறுமொழி. உச்சநீதிமன்றம் 2004-இல் இதுபற்றிய பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஜார்க்கண்ட் உயர்நீதிமன்றமோ 2014-இல் தானே முன்வந்து விசாரணையை மேற்கொண்டது. எத்தரப்பு சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் தகவல்களை மறைத்து வைக்க அரசுக்குப் பரந்த அதிகாரம் வழங்கியது. அளவுகோலும் ஒரு தரப்பினர் கையில், ஏடும் அதே தரப்பினர் கையில் என்றால், பாதிக்கப்பட்டவன் எதைக் காட்டி வாதாடுவான்?

இங்கே ஓர் ஐயம் எழும். கனடாவின் சிகார் லேக் சுரங்கத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேலாக யுரேனியம் கிடைக்கிறது. கசகஸ்தான் மட்டுமே உலக உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதத்தை அளிக்கிறது. அவ்வாறிருக்க, நாம் ஏன் இவ்வளவு எளிய பாறையைக் குடைகிறோம்? இதற்கு விடை வாணிகத்தில் இல்லை, அரசியலில் உள்ளது. 1974-இல் பொக்ரானில் இந்தியா அணுவெடிச் சோதனை நடத்திய பின்னர், அணுப்பொருள் வழங்கும் நாடுகள் நமக்குக் கதவடைத்தன. உள்நாட்டு யுரேனியம் போதாமல் 2007, 2008-ஆம் ஆண்டுகளில் நம் அணுமின் நிலையங்கள் பாதித் திறனளவில் ஓடின. 2008 செப்டம்பரில் அத்தடை தளர்ந்தது. கசகஸ்தான், ரஷ்யா, கனடா ஆகிய நாடுகளிலிருந்து யுரேனியம் வரலாயிற்று. ஆயினும் இறக்குமதிச் சரக்கைப் பன்னாட்டுக் கண்காணிப்புக்கு உட்பட்ட உலைகளில் மட்டுமே இடலாம். கண்காணிப்புக்கு வெளியே உள்ள உலைகளுக்கும் படைக்கலத் தேவைக்கும் உள்நாட்டுச் சரக்கே வேண்டும். எனவே உலகச் சந்தையின் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஜாதுகோடாவில் தோண்டுவது நிற்பதில்லை.

அவ்விலையின் போக்கையும் சற்றுப் பாருங்கள். 2007-இல் ஒரு பவுண்டு யுரேனியம் 130 டாலருக்கு மேல் விற்றது. 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமா விபத்து நேர்ந்தது. உலைகள் பல மூடப்பட்டன. 2016-இல் விலை 20 டாலருக்கும் கீழே விழுந்தது. கனடாவின் பெருஞ்சுரங்கமான மக்ஆர்தர் ரிவர் 2018-இல் மூடப்பட்டு, 2022-இல்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது. 2024 ஜனவரியில் விலை மறுபடியும் 100 டாலரைத் தாண்டியது.

இந்த ஏற்ற இறக்கத்திற்கிடையே மற்றொரு போட்டியாளர் களத்தில் இறங்கினார். அவர் பெயர் கதிரவன்! 2010-இல் இந்தியாவில் சூரிய மின்சாரத்திற்கான ஏலத்தில் யூனிட் விலை 12 ரூபாய் அளவில் இருந்தது. 2017-இல் ராஜஸ்தானின் பத்லாவில் அது 2 ரூபாய் 44 காசாகவும், 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசாகவும் இறங்கியது. கூடங்குளத்தின் முதலிரண்டு உலைகளின் மின்சாரமோ நான்கு ரூபாய் அளவில் விற்கிறது. 2025 தொடக்கத்தில் நாட்டின் சூரிய மின் நிறுவுதிறன் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்துவிட்டது. அணுமின் நிறுவுதிறன் அவ்வாண்டில் ஒன்பதாயிரம் மெகாவாட்டைக்கூட எட்டவில்லை. பழனியிலிருந்து உடுமலைக்குப் பேருந்தில் செல்வோர், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளைக் கண்டிருப்பர். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேற்பட்டது.

எனினும் நடுநிலையோடு பேச வேண்டும். மாலையில் கதிரவன் மறைந்ததும் சூரியத் தகடு உறங்கும். ஆடி மாதத்தில் பறக்கும் காற்று மார்கழியில் இராது. அணு உலையோ இரவும் பகலும் இயங்கும். நிலக்கரிப் புகையும் அதில் இல்லை. அதனாலேயே 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின்சாரம் என்னும் இலக்கை 2025-இல் மத்திய அரசு அறிவித்தது. கடம்பாறையில் உள்ளதுபோல நீரை மேலேற்றி வைத்துப் பின் இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையங்களும், பெரிய மின்கலங்களும் பெருகப் பெருகக் கதிரவனின் குறை நீங்கும். இப்போட்டி இன்னும் முடியவில்லை.

போட்டியில் எவர் வென்றாலும், நிலமற்றவன் நிலை என்ன? நம் கேள்வி இதுதான். கர்நாடகத்தின் பாவகடாவில் 2,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சூரிய மின் பூங்கா அமைந்தது. நிலம் உடையவர்க்கு ஆண்டுக் குத்தகை கிடைத்தது. அந்நிலத்தில் களையெடுத்தும் கடலை பறித்தும் பிழைத்த கூலி மக்களுக்குக் குத்தகையும் இல்லை, கூலியும் இல்லை என்றாயிற்று. யுரேனியம் தீயது, கதிரவன் நல்லவன் என்று பாடம் எழுதி முடித்துவிட்டால் இந்த வரி விடுபட்டுப்போகும்.

திண்டுக்கல்லில் வாழும் நமக்கு இக்கணக்கு புதிதன்று. இந்நகரின் தோல் பதனிடும் தொழில் உலகச் சந்தைக்குத் தோல் அனுப்பி நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தது. சுண்ணாம்புக் குழியில் நின்றவர் நம் பாட்டன்மார். கழிவு இறங்கிய கிணறுகளின் உவர்நீரைக் குடித்ததும் அச்சுற்றுவட்டாரத்து ஏழை மக்களே. அத்தொழிலாளர் வாழ்வைச் சொல்லும் டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலுக்கு 2012-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஜாதுகோடாவின் சந்தாலும் திண்டுக்கல்லின் தோல் தொழிலாளியும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனால் இருவர் கணக்கேட்டிலும் ஒரே வகைப் பற்று வரவுதான் எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வேட்டைத் திருத்தி எழுதியோரும் உண்டு. மேகாலயாவின் டோமியாசியட் பகுதியில் பெரும் யுரேனியப் படிவு இருக்கிறது. ஸ்பெலிட்டி லிங்டோ லாங்ரின் என்னும் காசி இன மூதாட்டி, பெருந்தொகை தருவதாகச் சொல்லியும் தம் நிலத்தைக் கொடுக்க மறுத்தார். 2020-இல் மறையும் வரை அவ்வுறுதி தளரவில்லை. செஞ்சுப் பழங்குடியினர் வாழும் நல்லமலைக் காட்டில் யுரேனியம் எடுக்கக் கூடாதென 2019 செப்டம்பரில் தெலங்கானா சட்டமன்றமே ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மக்கள் முன்கூட்டியே அறிந்திருந்ததே இவ்விரண்டுக்கும் அடிப்படை.

ஆனால் அவ்வாறு அறியும் வாயிலே இன்று குறுகி வருகிறது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புத் தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்களித்தது. குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் தோரியம் கொண்ட மோனசைட் மணலை 1,144 ஹெக்டேரில் எடுக்கும் திட்டத்தை மீனவ மக்கள் எதிர்த்து வருகின்றனர். இவ்விலக்கு அவர்களை நேரே தொடுவதாகும்.

ஆகவே இளைஞர்களுக்கு மூன்று பணிகளைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, நிலத்தின் ஏடு. 1892 முதல் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எவை, இன்று எவர் அனுபவத்தில் உள்ளன என்பதைக் கிராம அ-பதிவேட்டில் பாருங்கள். காற்றாலைக்கோ சூரிய மின் நிலையத்திற்கோ நிலம் கேட்டுத் தரகர் வரும்போது தேடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

இரண்டாவது, மன்றத்தின் குரல். கிராம சபைக்குச் செல்லுங்கள். தீர்மான நோட்டில் எழுதப்பட்டதைப் படித்தபின் கையொப்பமிடுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதும் முறையை நம் மாலை வகுப்பில் ஒரு பாடமாகவே வைக்கலாம். நிலம் குத்தகைக்குப் போனால் கூலியாட்களுக்கு வேலையிலும் இழப்பீட்டிலும் பங்கு வேண்டும் என்பதையும் அம்மன்றத்திலேயே கேட்க வேண்டும்.

மூன்றாவது, தொழிலின் அறிவு. கூடங்குளத்திலும் காற்றாலையிலும் காவலாளியாகவும் சுமைதூக்குவோராகவும் மட்டுமே நம்மவர் நுழைவது போதாது. ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பயிற்சி பெறுங்கள். இயற்பியலும் நிலவியலும் படியுங்கள். கதிர்வீச்சை அளக்கும் கருவி நம் பிள்ளையின் கையிலும் இருந்தால், அளவுகோல் ஒரு தரப்பினருக்கு மட்டும் உரியதாக இராது.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளுக்குப் புத்தகமும் கட்டணமும் தந்தது, அவர்கள் பிறர் எழுதிய கணக்கை மனப்பாடம் செய்வதற்காக அன்று. கணக்கைச் சரிபார்க்கும் தலைமுறை உருவாக வேண்டும் என்பதற்காகவே. அத்தலைமுறை இவ்வவையில் அமர்ந்திருக்கிறது என்னும் நம்பிக்கையோடு அமைகிறோம்.