முதல் கோடை மழைக்கு விதையை எடுக்காதீங்க

கொல்லிமலையில இருந்து பேசுறேன். சித்திரையில ஒரு சாயங்காலம் இடி இடிச்சு மழை பேஞ்சா போதும், மறுநாள் காலையில மண் வாசம் தூக்கும், கை பரபரக்கும். விதையை எடுத்துத் தூவிடலாமான்னு தோணும். இன்னிக்கு அந்த அவசரத்தைப் பத்தித்தான் பேச்சு.

ஏப்ரல், மே மாதத்துல வர்றது கோடை மழை. தென்மேற்குப் பருவமழை ஜூன்லதான் தொடங்குது. நடுவுல ரெண்டு வாரம் சொட்டு மழை இல்லாம வெயில் காயலாம். சாமையும் தினையும் பொடி விதை. மேலாகத்தான் விதைக்கிறோம். மேல்மண் நனைஞ்சதும் முளைச்சிடும். வேர் இறங்குறதுக்குள்ள ஈரம் போயிட்டா பயிர் கருகிடும். முளைக்காத விதை மழைக்குக் காத்திருக்கும். முளைச்சதால காத்திருக்க முடியாது.

குளிர் நாடுகள்லயும் இந்த அவசரம் உண்டு. குளிர்காலம் முடியுறப்ப நாலு நாள் வெயில் அடிச்சதும் தக்காளி நாத்தை நட்டுடுவாங்க. அப்புறம் ஒரு ராத்திரி உறைபனி விழுந்தா எல்லாம் போச்சு. அவங்களை ஏமாத்துறது வெயில், நம்மளை ஏமாத்துறது மழை.

நமக்கு நஷ்டம் இன்னும் பெருசுங்க. கட்டவெட்டி சாமை, மல்லிய சாமை மாதிரி இந்த மலையில வழிவழியா வந்த ரகங்களை நினைச்ச நேரத்துக்குக் கடையில வாங்க முடியாது. மரவள்ளி பெருகுன பிறகு சிறுதானியம் போடுற நிலமே குறைஞ்சுபோச்சு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள்ல இருந்து இங்குள்ள மக்களோட சேர்ந்து இந்த ரகங்களைக் காப்பாத்த வேலை செய்யுது. தொம்பையில இருக்கிற விதையை மொத்தமா முதல் மழைக்கே போட்டுக் கருக விட்டா, அடுத்த வருசம் யார்கிட்ட போய்க் கேட்கிறது?

அதுக்காகச் சும்மா உட்காரச் சொல்லலை. “சித்திரை மாதப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்”னு சும்மாவா சொன்னாங்க? உழுங்க. சரிவுக்குக் குறுக்கே உழுதா தண்ணி ஓடாம உள்ளே இறங்கும். மண்ணுல இருக்கிற கூட்டுப்புழு வெளியே வந்து வெயில்ல சாகும், மிச்சத்தைப் பறவை பார்த்துக்கும். களை முளைச்சா மறு உழவுல மடக்கிடலாம். 100 விதையை ஈரத்துணியில கட்டி வச்சு, எத்தனை முளைக்குதுன்னு எண்ணிப் பாருங்க. குறைவா முளைச்சா விதைப்புக்குக் கொஞ்சம் கூடுதலா எடுத்து வையுங்க.

வீட்டுத் தோட்டத்துல பூவாளி கைகொடுக்கும். மானாவாரிக்கு வானம்தான். அதனால விதைக்கும் முன்னாடி ஒரு சாண் தோண்டி, அடிமண்ணை எடுத்து உருண்டை பிடிச்சுப் பாருங்க. பொலபொலன்னு உதிர்ந்தா, இன்னும் ஒரு மழை வரட்டும். உருண்டை நின்னு, மழையும் தொடர்ந்து விழுந்தா விதைங்க. எப்பவும் ஒரு பங்கு விதை வீட்டுலயே இருக்கட்டும்.