தவணை தவறினால் தரகரை நாடற்க
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் குடியேறி வாழும் இத்தளேகாவ், காசின் அருமை அறிந்த ஊர். ஆளுக்கொரு பைசா எனத் திரட்டிய நிதியைக் கொண்டு, லோகமான்ய திலகரின் ஆதரவுடன், 1908ஆம் ஆண்டில் இங்கே கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. அத்தகைய மண்ணில் வாழும் நாம், சிறுகச் சேர்த்த பொருளை ஒரே நாளில் வஞ்சகர்க்கு ஈயலாமா?

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்றனர் முன்னோர். கட்டிய வீட்டைக் காத்துப் பார்ப்பதும் இன்று அவற்றோடு சேர்ந்துகொண்டது. 2020 டிசம்பரில் இவ்வூர் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை உற்பத்தியை நிறுத்தியதை நாம் அறிவோம். ஆலை நிற்கலாம்; மாதத் தவணை நிற்பதில்லை அன்றோ?

வேலையிழந்த அன்பர் ஒருவர், தவணை தவறியதை மனைவியிடமும் கூறவில்லை. கடனைத் தள்ளுபடி செய்து தருவதாக விளம்பரம் செய்த முகமறியாதவரிடம் கூறினார்! சட்டச் செலவுக்கென்று கைப்பொருளைக் கொடுத்தார். முத்திரையிட்ட சான்றிதழ் ஒன்றைப் பெற்றார். வங்கியில் அது வெறுங்காகிதம். போன பணத்தினும் பெரிய இழப்பு, அதனை நம்பி வங்கியின் கடிதங்களுக்கு விடையெழுதாமல் கழித்த மாதங்களே.

இத்தகைய சான்றிதழ் வழங்க எவர்க்கும் அதிகாரமில்லை என்பதை உணர்த்தி, ரிசர்வ் வங்கி 2023 டிசம்பர் 11ஆம் நாள் எச்சரிக்கை விடுத்தது. 2020இல் தவணையை ஒத்திவைக்கும் சலுகை வந்தபொழுதும், அதனைப் பெற்றுத் தருவதாகத் தொலைபேசியில் பேசி, ஓ.டி.பி. எண்ணைக் கேட்டுப் பணம் பறித்தோர் உண்டு.

ஆகவே, முன்பணம் கேட்பவர், ஓ.டி.பி. கேட்பவர், வெற்றுக் காசோலையிலோ அதிகாரப் பத்திரத்திலோ கையொப்பம் கேட்பவர், "வங்கியோடு பேசாதீர்" என்பவர், இந்நால்வரையும் வாயிலிலேயே நிறுத்துங்கள்.

தவணை தவறுமுன்னரே வங்கிக் கிளைக்கு நேரில் செல்லுங்கள். கடன் காலத்தை நீட்டவும், தவணையைத் திருத்தி அமைக்கவும் எழுத்து மூலம் கேளுங்கள். கேட்டதெல்லாம் கிடைக்குமென்று நான் கூறேன், கேட்பதற்குக் கட்டணமில்லை. 90 நாள்களுக்கு மேல் நிலுவை நின்றால் அது வாராக்கடனாகும். எனினும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டைக் கைக்கொள்ளுமுன், 60 நாள் தவணையுடன் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதற்கு நீங்கள் மறுப்பு எழுதினால், வங்கி 15 நாள்களுக்குள் விடை தரவேண்டும். பின்னர் எடுக்கும் நடவடிக்கையை எதிர்த்து, 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். கடிதத்தைப் பிரிக்காமல் பெட்டியில் வைப்பவர்க்கு இவ்வுரிமைகளால் பயனில்லை.

ஏமாந்துவிட்டால், காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

அன்பர்களே! வஞ்சகன் முதலாகக் கொள்வது நம் அறியாமையை அன்று, நம் வெட்கத்தை. வேலை போவது குற்றமன்று, கடன்படுவதும் குற்றமன்று. இல்லத்தாரிடம் கூறுங்கள்; இச்சங்கத்தில் வங்கிப் பணியறிந்த பெரியோர் இருப்பின் அவர்களிடம் கூறுங்கள். திருமணத்திற்கும் பொங்கலுக்கும் கூடும் நாம், துன்பத்திற்கும் கூடினாலன்றோ சங்கம் என்னும் பெயர் பொருந்தும்?