அப்பா பறவை வரவில்லையென்றால்?



கோடை விடுமுறையில் பங்குதோறும் மறைக்கல்வி முகாம்கள் நடைபெறுகின்றன. எங்கள் பங்கில் இந்த ஆண்டு ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளோடு குடும்பம், சமூகம், பொறுப்பு ஆகிய மூன்றையும் பற்றிப் பேச முடிவு செய்தோம். "பொறுப்பாக இரு" என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டுக் கேட்டு, அந்தச் சொல்லே அவர்களுக்குச் சலித்துப்போயிருக்கிறது. ஆகவே அருட்சகோதரிகளும் மறைக்கல்வி ஆசிரியர்களும் நாங்களுமாகச் சேர்ந்து, அறிவுரையை ஒதுக்கிவைத்துவிட்டு, விலங்குகள், பறவைகளின் கதைகளைச் சொன்னோம்.

முதல் நாள் இருவாச்சியின் கதை. மேற்குத் தொடர்ச்சி மலையில், ஆனைமலை, வால்பாறைப் பகுதிகளில் வாழும் பெரிய பறவை இது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை உயர்ந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டுமே மிஞ்சியிருக்கும். ஒன்றோ இரண்டோ முட்டைகள். ஏறக்குறைய 40 நாட்கள் அடைகாக்க வேண்டும். குஞ்சு பொரித்து ஓரளவு வளரும்வரை தாய் உள்ளேயேதான் இருக்கும். அத்தனை நாட்களும் ஆண் பறவைதான் காடெங்கும் பறந்து, அத்திப்பழங்களையும் மற்றக் கனிகளையும் கொண்டுவந்து, அந்தப் பிளவின் வழியே ஊட்டும்.

கதை முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து, "ஃபாதர், அப்பா பறவை வரலேன்னா என்ன ஆகும்?" என்று கேட்டான். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவன் பறவையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. இன்னொரு பிள்ளை மெதுவாக, "அம்மா பறவை கதவை உடைச்சு வெளிய வந்து வேலைக்குப் போகும்" என்றாள். நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளின் கதை இது!

"எங்க அப்பா குடிக்கிறார்" என்று எந்தப் பிள்ளையும் வகுப்பில் எழுந்து சொல்லாது. சொல்லும்படி நாம் வற்புறுத்தவும் கூடாது. ஆனால் ஒரு பறவையைப் பற்றிப் பேசும்போது, தன் மனப்பாரத்தை அது இறக்கிவைக்க முடிகிறது.

திருவிவிலியத்திலேயே இந்த வழி இருக்கிறது. சாமுவேல் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தாவீது அரசர் ஊரியாவின் மனைவியை அபகரித்து, ஊரியாவையும் போர்முனையில் சாகும்படி செய்திருந்தார். அவரிடம் இறைவாக்கினர் நாத்தான் நேரடியாகக் குற்றம் சாட்டவில்லை. ஓர் ஏழையின் வீட்டில் மகளைப்போல் வளர்ந்த ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்கிறார். ஆடுமாடுகள் நிறைய வைத்திருந்த செல்வன் அந்த ஒன்றையும் பிடுங்கி விருந்தாக்கினான் என்று கேட்டதும், தாவீது கொதித்தெழுந்து தீர்ப்புச் சொல்கிறார். அந்தச் செல்வன் தாமேதான் என்பது அதன்பிறகுதான் அவருக்கு விளங்குகிறது. பிள்ளைகளின் வாயைத் திறக்கும் கதை பெரியவர்களின் கண்ணையும் திறக்கும்.

இரண்டாம் நாள் பஞ்சதந்திரத்துப் புறாக்கள். வலையில் சிக்கிய புறாக்கள் ஒன்றுசேர்ந்து வலையோடு பறந்தது நம் எல்லாருக்கும் தெரியும். பின்பாதியைத்தான் மறந்துவிடுகிறோம். நண்பனான எலி ஓடிவந்து, புறாக்களின் அரசன் சித்திரக்கிரீவனின் கட்டை முதலில் அறுக்கப் பார்க்கிறது. அவனோ மற்றவர்களை முதலில் விடுவிக்கச் சொல்கிறான். ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டோம். "ராஜா கடைசியா இருந்தாத்தான், பல்லு வலிச்சாலும் எலி கடைசி வரைக்கும் கடிக்கும்" என்றான் ஒருவன். திருவிழாவில் முதல் மரியாதைக்குப் போட்டியிடும் நாமெல்லாம் இதைக் கேட்க வேண்டும். சீடர்களின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரும் இதையே நமக்குக் காட்டினார்.

மூன்றாம் நாள் லூக்கா நற்செய்தியின் காணாமற்போன ஆடு. "பெரிய ஆடு தொலைஞ்சாலும் தேடுவாரா ஃபாதர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். தேடுவார், நிச்சயமாகத் தேடுவார். ஆடு யாருடைய தவற்றால் தொலைந்தது என்று அந்த ஆயர் கணக்குப் பார்க்கவில்லை. வழிதவறிய தந்தையும் அவருடைய மந்தையைச் சேர்ந்தவரே.

அன்புக்குரியவர்களே, இருவாச்சி தன் இயல்பால் கூட்டுக்குத் திரும்புகிறது. மனிதருக்கோ கடவுள் சுதந்திரத்தைக் கொடுத்திருக்கிறார். திரும்பி வராமல் இருக்கவும் நம்மால் முடியும். அதனால்தான் மாலையில் சம்பளப் பணத்தோடு ஒரு தந்தை நேராக வீடு வந்து சேர்வது வெறும் பழக்கமல்ல, அது அன்பின் செயல். அதே சுதந்திரம் இருப்பதால்தான், உன் சகோதரன் எங்கே என்று காயினிடம் கேட்ட கடவுள் நம்மிடமும் கேட்கிறார். எனக்கென்ன என்று நாம் நழுவிவிட முடியாது.

அப்படியானால் அந்தச் சிறுவனின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அப்பா பறவை வராத கூட்டுக்குப் பழம் கொண்டுபோவது யார்? திருமுழுக்கின்போது அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பேற்ற ஞானப்பெற்றோர் இன்று எங்கே? நம் அன்பியத்தில் அத்தகைய வீடு ஒன்று இருந்தால், அதைப் பற்றிப் புறம் பேசாமல், பள்ளிக் கட்டணத்துக்கும் பாடத்துக்கும் துணைநிற்போம். அந்தத் தந்தையை ஒதுக்கிவைக்காமல், சிகிச்சைக்குக் கூடவே அழைத்துச் செல்வோம். குடியிலிருந்து மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களும் இருக்கின்றன. அவற்றை அவருக்கு எடுத்துச் சொல்வோம்.

இன்று இரவு செபமாலை முடிந்ததும் உங்கள் பிள்ளைக்கு ஒரு விலங்கின் கதையைச் சொல்லுங்கள். முடிவில் நீதியை நீங்களே சொல்லிவிடாதீர்கள். பிள்ளை என்ன கேட்கிறது என்று பொறுமையாகக் காத்திருங்கள்.

நல்ல ஆயனாம் ஆண்டவரே, காத்திருக்கும் பிள்ளைகளின் குரலைக் கேட்கும் செவியையும், தொலைந்தவர்களைத் தேடிச் செல்லும் கால்களையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.