ஜன்னலைத் திறந்து வையுங்கள்



பட்டுக்குப் பேர் போன ஆரணியில் பல் மருத்துவம் பார்ப்பவன் நான். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது, கிளினிக்கைப் பூட்டினேன். நாலாம் நாள் ஒரு நெசவாளர் கன்னம் வீங்கி என் வீட்டு வாசலில் நின்றார். "ரெண்டு நாளா தறியில உட்கார முடியல டாக்டர்" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மருத்துவத்துக்கு ஊரடங்கில் தடை இல்லை. தடுத்தது என் பயம்தான். அந்த முகம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

பயம் நம் ஏரோட்டாரைப் பார்த்துத்தான். நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். சூடு தணிக்கத் தண்ணீரும் பீய்ச்சும். சாயம் தோய்த்த நூலை உதறினால் சாரல் எங்கெல்லாம் படும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்தச் சாரலில் நோயாளியின் எச்சிலும் கலந்திருக்கிறது. பெரிய துளி கீழே விழும். நுண்துளி காற்றில் மிதக்கும். கொரோனாவும் ஃப்ளூவும் பரவ அதுவும் ஒரு வழி.

பிறகு யோசித்து சிலவற்றை மாற்றினேன். வருமுன் போனிலேயே காய்ச்சல், இருமல் உண்டா என்று கேட்டோம். அவசரமில்லை என்றால் தேதியைத் தள்ளினோம். முகத்துக்கு என்-95. 1864-லேயே வந்துவிட்ட ரப்பர் டேம், நம்மில் பலர் பரீட்சைக்கு மட்டும் போட்டது, அதைத் தூசி தட்டி எடுத்தேன். உதவியாளர் வேகமான சக்ஷனைப் பல்லுக்குப் பக்கத்திலேயே பிடித்தார். ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடும். அதை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினேன். மணிக்கு 6 முறை அறைக் காற்று மாறினால், வேலை முடிந்தபின் மிதப்பதில் 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடம் போதும். ஆரணி வெயிலில் வியர்த்துக் கொட்டியது, நிஜம்தான். ஆனால் பயம் போனது. கிளினிக் திறந்ததும் அந்த நெசவாளருக்குத்தான் முதலில் பல் எடுத்தேன்.

இன்று? ஏ.சி. ஓடுகிறது, ஜன்னல் சாத்தியிருக்கிறது, மாஸ்க் தாடைக்கு இறங்கிவிட்டது. என் கிளினிக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நண்பர்களே, அடுத்த வைரஸ் சொல்லிக்கொண்டு வராது. வீங்கிய கன்னத்தோடு வருபவரை அன்றைக்கும் நாம் திருப்பி அனுப்பாமலிருக்க வேண்டுமானால், ஊருக்குப் போனதும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து வையுங்கள்.