வான் என்னும் ஒரு சொல்



ஐதராபாத்தில் கருமேகம் திரண்டால் தெலுங்கர்கள் 'வான வஸ்தோந்தி' என்பார்கள். மழை வருகிறது என்பது அதன் பொருள். நமக்கு வானம் என்றால் ஆகாயம். அவர்களுக்கு 'வான' என்றால் மழை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வேற்றுமை ஒரு பழைய நூலைத் திறக்கும் திறவுகோலாகத் தோன்றுகிறது.

திருக்குறளின் இரண்டாம் அதிகாரம் வான்சிறப்பு. இன்றைய வழக்கை மட்டும் அறிந்தவர், கடவுள் வாழ்த்தை அடுத்து வருவதால், இது விண்ணுலகின் புகழ் போலும் என்று எண்ணக்கூடும். பரிமேலழகரோ மழையின் சிறப்பு என்றே உரை கண்டார். 1886-இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப்பும் தலைப்பை அவ்வாறே பெயர்த்தார்.

உரையாசிரியர் சொன்னார் என்பதற்காக மட்டும் நாம் இதனை ஏற்க வேண்டுவதில்லை. அதிகாரத்தை ஊன்றிப் படித்தால் பாட்டே சான்று தருகிறது. துளி எங்கிருந்து விழுகிறதோ, அதனைக் குறிக்கப் புலவர் 'விசும்பு' என்னும் வேறு சொல்லை ஆள்கிறார். நான்காம் குறளில் 'புயல்' வருகிறது. அதனைச் சூறாவளி என்று கொண்டால், புயல் குறைந்ததால் உழவர் ஏர் பூட்டவில்லை என்று பொருள்பட்டு நகைப்புக்கு இடமாகும். அங்கே புயல் என்பதும் மழையே. எட்டாங் குறளில் 'வானம்' மழையைக் குறிக்க, அதனை அடுத்தே வரும் 'வானோர்' தேவரைக் குறிக்கிறது. அருகருகே நிற்கும் சொற்களே ஒன்றன் பொருளை மற்றொன்று வரையறுக்கின்றன.

இஃது அகராதி ஆராய்ச்சி மட்டுமன்று. வானை ஆகாயம் என்று கொண்டால் அதிகாரம் வெறும் துதியாகிவிடும். மழை என்று கொண்டாலோ வள்ளுவரின் வாதம் விளங்கும். மழையில்லையேல் உழவில்லை, உழவில்லையேல் உணவில்லை, திருவிழாவும், தானமும், தவமும், ஒழுக்கமுங்கூட நிலைபெறா. அறத்தைப் பேசப் புகுந்தவர், அதற்கு முன்பே மழையை வைத்ததன் காரணம் இதுவே. ஒரு சொல்லைத் தவறவிட்டால் நூலின் அடித்தளத்தையே தவறவிட்டவர்களாவோம்.

அயல் மாநிலத்தில் வளர்வதால் பிள்ளைகளின் தமிழ் கெடுகிறது என்று நம்மவர் பலர் கவலையுறுகின்றனர். அக்கவலை நியாயமானதே. ஆயினும் வீட்டைத் தெலுங்கர் 'இல்லு' என்கையில் நம் 'இல்' நினைவுக்கு வரவேண்டும். சொல் என்பதற்குச் 'செப்பு' என்கையில், விடையைச் 'செப்பு' என வழங்கிய தொல்காப்பியம் நினைவுக்கு வரவேண்டும். இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. நமக்கு அது விரைவு. ஒலி ஒத்திருப்பதால் மட்டும் பொருள் ஒத்துவிடாது. தீர்ப்பளிக்க வேண்டியது அச்சொல் நிற்கும் இடமே.

ஆதலால் நேயர்களே, பிள்ளைகளுக்கு நாள்தோறும் பத்துக் குறள்களை ஒப்பிக்கக் கற்பிப்பதைவிட, ஒரு குறளை எடுத்து, 'இவ்விடத்தில் இச்சொல் ஏன்?' என்று கேளுங்கள். தெருவில் கேட்ட தெலுங்குச் சொல்லையும் துணைக்குக் கொண்டுவர அவர்களை விடுங்கள். விடை காணச் சற்று நேரம் ஆகலாம். கண்ட விடை நெஞ்சில் நிலைக்கும்.