சேலை மடிக்கப் பழகுதல்

வெள்ளவத்தை காலி வீதியில் காலையில் சேலைக் கடையொன்றின் இரும்புக் கதவு உருண்டு மேலே போனதும், புதிதாகச் சேர்ந்த பொடியனின் கைக்கு வருவது கூட்டுமாறு. ஊர் ஹட்டனாகவோ மட்டக்களப்பாகவோ இருக்கலாம். வாடிக்கையாளர் முன் நிற்கச் சில கிழமைகள் ஆகும். அதுவரை ஒரே பாடம்தான்: பிரித்துப் போட்ட சேலையை மடிப்பது.

"பார்த்துப் பழகு, தம்பி." பயிற்சித் திட்டம் முழுவதும் அவ்வளவுதான். செட்டியார் தெரு நகைக் கடையிலும் கொட்டாஞ்சேனைப் பலசரக்குக் கடையிலும் இதே கதை.

இதைக் குறைவாக மதிப்பதற்கில்லை. "கீயத?" என்று விலை கேட்டு, "டிக்கக் அடு கரன்ன" என்று பேரம் பேசும் அம்மாவுக்குச் சிங்களத்தில் பதில் சொல்ல, எந்த வகுப்பையும்விட வேகமாகக் கடை மேசையே பழக்கிவிடும்.

ஆனால் கண்ணுக்குத் தெரிவது கை மட்டும், காரணம் தெரியாது. பட்டுச் சேலையை எப்போதும் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தால் அந்தக் கோட்டில் சரிகை முறியும். மூத்தவர் மடிப்பை இடம் மாற்றுவது அதைத் தவிர்க்கத்தான். அந்த ஒரு வசனத்தை அவர் சொல்லாவிட்டால், பொடியன் அழகாக மடித்தே சேலையைக் கெடுப்பான்.

காரணம் சொல்லிப் பழக்கவும் முறை உண்டு. 1940இல், போர் நெருக்கடியில், அமெரிக்க அரசு தொழிலகப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இயந்திரத்தையே கண்டிராதவர்களை விரைவாகப் பழக்க வேண்டியிருந்தது. அது வகுத்தது நாலு படி. முதலில் பழகுபவரின் பயத்தைப் போக்கி, என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். அடுத்து, ஒவ்வொரு இடத்திலும் ஏன் என்று சொல்லிச் செய்து காட்ட வேண்டும். பிறகு அவரே செய்து, அவரே விளக்க வேண்டும். கடைசியில் தனியே விட்டு, இடைக்கிடை எட்டிப் பார்க்க வேண்டும். போருக்குப் பின் ஜப்பானும் இதை எடுத்துக்கொண்டது.

நம் கடைகளில் இரண்டாம் படியில் பாதியும் மூன்றாம் படி முழுவதும் காணாமல் போகின்றன. நேரமில்லை என்பார்கள். தீபாவளிக் கிழமையில் சரி. மற்ற நாட்களில் மத்தியானம் ஈ ஓட்டும் நேரம் எங்கே போகிறது?

இன்னொரு குறை, கையில் கடதாசி இல்லாதது. பத்து வருடம் உழைத்தவரும் வேறு கடைக்குப் போனால் திரும்பவும் புதியவர்தான். இலங்கையில் தொழில் பயிலுனருக்கு 1971இலேயே சட்டம் வந்தது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, வேலை செய்தே தொழில் பழகியவர்களையும் மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி செய்கிறது. தகைமையில் ஏழு மட்டங்கள். வகுப்புக்கே போகாதவரும் தன் வேலையைக் காட்டி அதில் ஏறலாம்.

அந்த மதிப்பீட்டில் செய்முறையோடு கேள்வியும் உண்டு. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், பார்த்து மட்டும் பழகியவருக்கு அந்த இடத்தில்தான் நாக்குத் தடுமாறும்.