பழிவாங்கலும் தேதியும்

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பகல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். காலில் நடவுச் சேறு காயாமல் வந்திருக்கும் தாய்மார்களையும் பார்க்கிறேன். ஆகவே நீட்டிப் பேச மாட்டேன். நோட்டீஸ் கொடுக்க நான் வீடு வீடாக வந்தபோது நீங்கள் கேட்ட ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். "வாய் திறந்து கேட்டால் வேலை போய்விடுமே, சட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறதா?"

இருக்கிறது. ஆனால் அது தானாக வந்து நிற்காது.

ஒன்றைக் கவனியுங்கள். "இவன் சங்கத்தில் சேர்ந்தான், ஆகவே நீக்குகிறேன்" என்று எந்த முதலாளியாவது எழுதிக் கொடுத்ததுண்டா? கிடையாது. இரவு ஷிப்டில் தூங்கினான் என்று எழுதுவான். கழிவுப் பஞ்சு திருடினான், மேஸ்திரியைக் கை நீட்டினான் என்று எழுதுவான். பதினைந்து வருஷம் தூங்காதவன் போனஸ் கேட்ட மறு வாரம் எப்படித் தூங்கினான் என்று மட்டும் எழுத மாட்டான்! இந்தத் தந்திரத்தை மடக்கத்தான் சட்டம் தேதியைப் பார்க்கிறது.

இந்தச் சட்டங்களை யாரும் நமக்குத் தானம் கொடுக்கவில்லை. 1918 ஏப்ரல் 27-ல் சென்னையில் மில் தொழிலாளர்கள் சங்கம் கண்டார்கள். பி.பி. வாடியா தலைவர். பின்னி நிர்வாகம் என்ன செய்தது? உயர் நீதிமன்றத்துக்குப் போய், வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குப் போட்டுத் தடை உத்தரவு வாங்கியது. சங்கம் நடத்துவதே குற்றம் போல ஆகிவிட்டது. அதன் பிறகுதான் என்.எம். ஜோஷி மத்திய சட்டசபையில் விடாமல் வாதாட, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கம் வைத்ததற்காக வழக்கில் இழுக்க முடியாது என்ற காப்பு அதில்தான் கிடைத்தது.

அடுத்தது 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம். அதன் 33-வது பிரிவை அந்தக் காலத்து மில் தொழிலாளி மனப்பாடமாகச் சொல்வான். சமரச அதிகாரி முன்போ டிரிப்யூனல் முன்போ தகராறு நடந்துகொண்டிருக்கும்போது, அந்தத் தகராறு சம்பந்தமாக யாரையும் நீக்குவதானால் முதலில் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். வேறு குற்றம் என்று சொல்லி நீக்கினாலும் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, கூடவே ஒப்புதலுக்கு மனுப் போட வேண்டும். ஒப்புதல் இல்லாமல் நீக்கினால் அந்த உத்தரவே செல்லாது என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டதோடு நில்லாமல் பட்டும் தெரிந்துகொண்டவன் நான். 2009-ல் ஒரு நூல் மில்லில் இரவு ஷிப்ட் படிக்காகவும் போனஸுக்காகவும் கோரிக்கை எழுதினோம். அதைச் சமரச அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்கி வரும் வேலை என்னுடையது. டைப் அடிப்பவர் ஊரில் இல்லை. அடுத்த ஊருக்குப் போயிருக்கலாம். கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கலாம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். காகிதம் என் சட்டைப்பையில் நாலு நாள் கிடந்தது. நாலாம் நாள் ரிங் பிரேமில் சைடு பார்த்த ஒரு தோழரை நீக்கினார்கள். காரணம்: தூங்கினாராம்.

பிறகு மனுக் கொடுத்து, பேச்சுவார்த்தை தொடங்கியது. அது நடக்கும்போதே டாப்பிங் வேலை செய்த ஒரு பையனையும் நீக்கினார்கள். அவனுக்கும் தூக்கம்தான் குற்றம்! ஆனால் இவன் விஷயத்தில் தகராறு கோப்பில் ஏறியிருந்தது. நிர்வாகம் ஒப்புதல் மனுப் போடவில்லை. நேரே புகார் கொடுத்தோம். பையன் பழைய சம்பளத்தோடு உள்ளே போனான். முதல் தோழர் ஏழு வருஷம் லேபர் கோர்ட்டுக்கு நடந்தார். கடைசியில் ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். அதற்குள் அவர் மகள் படிப்பை விட்டு அதே ஊரில் வேறு மில்லுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இன்றும் வழியில் பார்த்தால் டீ வாங்கிக் கொடுக்கிறார்.

இப்போது நிலைமை என்ன? 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் 2020-ம் வருஷத்துத் தொழில் உறவுத் தொகுப்பை சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. 33-வது பிரிவின் சரக்கு அதில் 90-வது பிரிவாக இருக்கிறது. நல்லது. ஆனால் ஸ்ட்ரைக் நோட்டீஸ் கொடுத்த பின் சமரச அதிகாரி கூட்டும் முதல் கூட்டத்தின் தேதியிலிருந்துதான் சமரசம் தொடங்கியதாகக் கணக்கு. நோட்டீஸுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் நடுவில் இருக்கும் நாட்கள்தான் முதலாளிக்கு அறுவடைக் காலம். ஆகவே மனுக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காராதீர்கள். கூட்டத் தேதி கிடைக்கும் வரை அதிகாரி அலுவலக வாசலில் நில்லுங்கள். இன்னொன்று: வேலை போனவர் தகராறு எழுப்ப முன்பு மூன்று வருஷம் இருந்தது. இப்போது இரண்டுதான். பழிவாங்கும் முதலாளிக்கு முன்பு ஆறு மாதம் வரை சிறை உண்டு. இப்போது முதல் தடவை அபராதத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

சங்க நிர்வாகிகளுக்குக் கூடுதல் காப்பு உண்டு. 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளி' என்று பெயர். நூற்றுக்கு ஒருவர், குறைந்தது 5 பேர், அதிகம் 100 பேர். பெயர்களை எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினால்தான் இது செல்லும். பல சங்கங்கள் அனுப்புவதே இல்லை. ஏன் என்று உங்கள் செயலாளரைக் கேளுங்கள், என்னையும் சேர்த்து! விசாரணையில் முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொன்னவரைப் பழிவாங்குவதும் குற்றம். ஸ்ட்ரைக் முடிந்து உள்ளே போக "இனி ஒழுங்காக இருப்பேன்" என்று எழுதி வாங்குவதும் குற்றம். இதை நம்மோடு மில்லில் நிற்கும் ஒடியா, இந்தி பேசும் தோழர்களுக்கும் சொல்லுங்கள். வெள்ளைத்தாளில் முதலில் கையெழுத்து வாங்குவது அவர்களிடம்தான்.

வயல் வேலை செய்யும் தாய்மார்கள், "இதில் எங்களுக்கு என்ன?" என்று பார்ப்பது தெரிகிறது. உண்மைதான், நான் சொன்ன காப்பு நடைமுறையில் உங்களை எட்டுவதில்லை. ஆனால் உங்கள் பாட்டன் பாட்டி காலத்தில் தஞ்சையில் மிராசுதாரின் பழிவாங்கல் எப்படி இருந்தது? குடிசை இருந்த இடம் அவனுடையது. கூலி கேட்டால் குடிசையைப் பிரி என்பான். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாளை நினைத்தபோது விரட்டக் கூடாது என்றது. மிராசுதார்கள் பண்ணையாள் முறையையே கைவிட்டு, தினக்கூலி என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். 1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றத் தடை வந்தது. 1968 டிசம்பர் 25-ல் கீழ வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். 1971-ல்தான் குடியிருந்த மனை குடியிருந்தவருக்கே சொந்தம் என்ற சட்டம் வந்தது. காலடி மண் சொந்தமான பிறகு கூலி கேட்ட குரலுக்குத் தனிப் பலம் வந்தது. இன்னும் பட்டா இல்லாத வீடுகள் இந்த ஊரிலேயே இருக்கின்றன. அந்த மனுவும் இன்றே எழுதப்பட வேண்டும்.

மேடைக்குப் பக்கத்தில் மேஜை போட்டிருக்கிறோம். மெமோ வாங்கியவர்கள் அதைக் கொண்டு வாருங்கள். பட்டா இல்லாதவர்கள் வீட்டு வரி ரசீதோ மின்சார ரசீதோ இருந்தால் எடுத்து வாருங்கள். இரவு பத்து மணி வரை இருப்போம். டைப் அடிப்பவரும் வந்திருக்கிறார்.